குடித்த தண்ணீர் எங்கே போயிற்று

ஜூலை 6, ஞாயிறு

நான் மயங்கி விழவில்லை. உட்கார்ந்தேன்.

முள்ளக்காட்டைத் தாண்டியதும் சாலையோரத்தில் ஒரு புளியமரம் இருந்தது. நிழல் நன்றாக இருந்தது. அறுபத்தெட்டு வயதில் ஒரு பெண்மணி நிழலைக் கண்டால் உட்காருவது இயல்பு. சைக்கிள் என்மீது கிடந்தது உண்மைதான். அது ஸ்டாண்டின் கோளாறு.

எங்கள் பங்குக் கோயிலின் சைக்கிள் குழுவில் மற்ற எல்லாரும் இதை வேறு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். என் கணவரின் தங்கை கிளாடிஸ் தன் புட்டித் தண்ணீர் முழுவதையும் என் முகத்தில் கொட்டினாள். சைக்கிளுக்கென்றே காலர் வைத்துத் தைத்து, கஞ்சி போட்டுத் தேய்த்த சுடிதார். பாழாயிற்று. குழுவை நடத்தும் பல் மருத்துவர் அலாய்சியஸ் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, காலையிலிருந்து என்ன குடித்தேன் என்று கேட்டார். ஒரு கப் காபி என்றேன். அப்புறம் என்றார். அப்புறம் என்ன? காபிதான் குடித்தாயிற்றே.

பின்னால் வந்த வேனில் ஏற்றித் தூத்துக்குடி கொண்டுவந்து சேர்த்தார்கள். ஏற்றும்போது பல் மருத்துவர் என் கால்களையும் கிளாடிஸ் என் தோள்களையும் பிடித்திருந்தார்கள். அரிசி மூட்டையைக்கூட இன்னும் கொஞ்சம் மரியாதையாகத் தூக்குவார்கள்.

ஜூலை 7, திங்கள்

கிளாடிஸின் வாயில் ஒன்றும் தங்காது என்று லயோனல் உயிரோடிருந்தபோதே சொல்வார். அவருடைய சொந்தத் தங்கை, அவருக்குத் தெரியாதா. காலை ஜெபம் முடியுமுன் பெங்களூரிலிருந்து ரெக்ஸ் கூப்பிட்டுவிட்டான்.

"போதும் மம்மி. வீட்டப் பூட்டிட்டு எங்ககூட வந்திருங்க. உங்க ரூம் ரெடியா இருக்கு."

அந்த அறை எனக்குத் தெரியும். பதினோராவது மாடி. சன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தில் ஒருவர் பல் தேய்ப்பது தெரியும். அங்கே சைக்கிள் ஓட்டுவதென்றால் லிஃப்டுக்குள்தான் ஓட்ட வேண்டும். மருமகள் ஜெனிட்டா நல்ல பெண்தான். ஆனால் கல்யாணமாகி நான்கு வருடத்தில் என்னிடம் ஆமாம், இல்லை, பரவாயில்லை என்ற மூன்றுக்கு மேல் சொன்னதில்லை. அவளோடு அந்தச் சன்னலைப் பகிர்ந்துகொண்டு நான் என்ன செய்வேன்?

பேசிப் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். செப்டம்பர் 7 அன்று எங்கள் குழு திருச்சிலுவைத் திருவிழாவுக்காக மணப்பாடு போகிறது. அறுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. யாரும் என்னை வேனில் ஏற்றாமல் நான் என் சைக்கிளிலேயே போய்ச் சேர்ந்தால் ரெக்ஸ் இந்தப் பேச்சை இனி எடுக்கக் கூடாது. நடுவில் மயங்கினால் நான் வீட்டைப் பூட்டிவிட்டு அவனோடு போக வேண்டும். மயங்கினால் என்று அவன் சொன்னான். உட்கார்ந்தால் என்று நான் திருத்தினேன்.

மதியம் கேஸ் சிலிண்டர் வந்தது. எடை போட்டுப் பார்க்காமல் வாங்கவில்லை.

ஜூலை 9, புதன்

பங்கு மண்டபத்தில் பல் மருத்துவர் வகுப்பு நடத்தினார். நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எவ்வளவு குடிக்க வேண்டும் என்பது பொருள். அவர் பற்களோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

சொன்னதன் சுருக்கம்: நம் ஊர் வெயிலில் மணிக்கு அரை லிட்டராவது குடிக்க வேண்டும். ஒரே மூச்சில் அல்ல, வாய் வாயாக. தூரம் அதிகமானால் வெறும் தண்ணீர் போதாது. கொஞ்சம் உப்பும் சர்க்கரையும் சேர வேண்டும். பயந்துபோய்க் குடம் குடமாகக் குடித்தாலும் ஆபத்து. உடம்பிலுள்ள உப்பு நீர்த்துப்போய்த் தலை குழம்பும். வயதானவர்களுக்குத் தாகம் தாமதமாகத்தான் தெரியும். இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமலிருக்க அவர் பட்ட பாட்டை மண்டபமே பார்த்தது.

உப்பைப் பற்றி எனக்குப் பாடம். முப்பத்தைந்து வருடம் உப்புக் கம்பெனியில் மேனேஜரின் செயலாளராக இருந்தவள் நான்.

பிறகு சைக்கிளை ஓட்டிக்கொண்டே ஒரு கையால் புட்டியை எடுத்து வாயில் பீய்ச்சிக்கொள்வது எப்படி என்று மைதானத்தில் செய்து காட்டினார். கான்வென்டில் எங்கள் மதர் பெனடிக்டா, நின்றுகொண்டு குடிப்பது குதிரைகளுக்கு உரியது என்பார். ஓட்டிக்கொண்டே குடிப்பது எந்தப் பிராணிக்கு உரியது என்று அவர் சொல்லவில்லை; அப்படி ஒன்று நடக்கும் என்று அவர் எண்ணியிருக்கவே மாட்டார். நான் தம்ளர் எடுத்துப்போவேன். இறங்கி, உட்கார்ந்து, குடிப்பேன்.

ஜூலை 13, ஞாயிறு

பழையகாயல் வரை போய்வந்தோம். நான் எங்கும் உட்காரவில்லை. புட்டி காலி.

வழியில் யாரோ ஒரு பூவரசங்கன்றை நட்டுவிட்டு மறந்திருக்கிறார்கள். பாவம், வாடியிருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

புட்டி காலி. பல் மருத்துவர் எல்லார் முன்னிலையிலும் என்னைப் பாராட்டினார். அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் தலைவலி. புதுக் கண்ணாடி சரியில்லை.

பூவரசு துளிர் விட்டிருக்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

கிளாடிஸோடு சாலையில் போவது ஒரு தண்டனை. கண்ணில் பட்டதையெல்லாம் குடிக்கிறாள். மோர், நன்னாரி சர்பத், இளநீர், யாரோ நீட்டிய சோடா. குடித்தால் அதன் விளைவும் உண்டல்லவா. அதற்கு அவள் சற்றும் கூசுவதில்லை. ஏதாவது ஒரு வீட்டின் முன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, "எக்கா, ஒரு அவசரம்" என்று உள்ளே போய்விடுகிறாள். முன்பின் தெரியாத வீடு. திரும்பி வரும்போது அந்த வீட்டுக்காரியின் மூத்த மகளுக்கு ஏன் வரன் தட்டிப்போகிறது என்பது வரை தெரிந்துகொண்டு வருகிறாள். இன்று கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரையும் இருந்தது.

நான் வெளியே நின்று இரண்டு சைக்கிள்களையும் பார்த்துக்கொண்டேன். யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே.

கீரையில் பாதியைக் கொடுத்தாள். பூச்சி இல்லை. பொரியல் செய்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று உப்பளங்களைக் கடக்கும்போது எங்கள் பழைய அலுவலகக் கட்டடத்தைப் பார்த்தேன். இப்போது அது வேறு யாருடைய கிடங்கோ. சன்னல் கதவுகள் இல்லை. நான் இருந்தபோது வாரம் ஒரு முறை துடைப்பார்கள்.

அங்கே எனக்கு ஒரு பெயர் இருந்தது. மற்ற எழுத்தர்கள் டீக்கும் வெற்றிலைக்கும் எழுந்து போய்க்கொண்டே இருப்பார்கள். மிஸஸ் மச்சாது காலையில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுவார் என்று மேனேஜர் வெளியூர்க்காரர்களிடம் பெருமையாகச் சொல்வார். காலையில் ஒரு கப் காபி. அதன்பின் வீடு திரும்பும்வரை ஒன்றும் தொடமாட்டேன். ஒழுக்கம் என்பது அதுதான். அலுவலகத்துக்கென்று இருந்த ஒரே கழிப்பிடம் வளாகத்தின் மறுகோடியில், சுமை ஏற்றுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் முற்றத்துக்கு அப்பால் இருந்தது என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

நடுவில் ஒரு வருடம் கல் வந்து ஆபரேஷன் ஆனது. தக்காளி விதையால் வந்தது. அன்றிலிருந்து தக்காளியை விதை எடுத்துத்தான் சமைக்கிறேன்.

இன்றும் புட்டி காலி. திரும்பும் வழியில் கெண்டைக்கால் இரண்டும் முறுக்கிக்கொண்டன. செருப்பை மாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆத்தூர் வரை போய்வந்தோம். வீட்டுப்படி ஏறும்போது கால் மறுபடி முறுக்கிக்கொண்டது. கிளாடிஸ் என்னைப் பிடித்துக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசை முன் உட்காரவைத்தாள். தானும் எதிரே உட்கார்ந்தாள். கேட்காமலே உட்காருவது அவள் வழக்கம்.

"மைனி, ஒண்ணு கேக்கட்டா?"

வேண்டாம் என்றேன். கேட்டாள்.

"விடியக்காலத்துல இருந்து உங்ககூடயே வாரேன். ரெண்டு புட்டி காலி பண்ணிருக்கீய. ஒரு தடவகூட எங்கயும் ஒதுங்கல. நான் நாலு வீடு ஏறி எறங்கிட்டேன். நீங்க குடிச்ச தண்ணி எங்க போச்சு?"

வியர்வை என்றேன்.

"கழுத்துல ஒரு சொட்டு இல்ல. காலர் கஞ்சி கலையாம நிக்கி." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்த ரோட்டுல நட்ட கன்னு அம்புட்டும் கருகிக் கெடக்கு, மைனி. ஒரே ஒரு பூவரசு மட்டும் வாழத்தோட்டத்துல நிக்கித மாதிரி நிக்கி. நீங்க சைக்கிள நிப்பாட்டுத எடத்துல."

மேசைவிரிப்பில் ஒரு மடிப்பு இருந்தது. அதைச் சரிசெய்தேன்.

கிளாடிஸ் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"கம்பெனிலயும் இப்படித்தான இருந்தீய. அண்ணன் எங்கிட்ட சொல்லி அழுதிருக்கான். அந்தக் கல்லு தக்காளிலயா வந்துச்சு?"

லயோனலுக்குத் தெரிந்திருந்தது என்பது எனக்குத் தெரியாது. அவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. முப்பது வருடம் எனக்காகத் தக்காளி விதையை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கிளாடிஸ் இரண்டு வழிகளை முன்வைத்தாள். ஒன்று, இன்றே ரெக்ஸிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். இரண்டு, நான் நிஜமாகக் குடிக்க வேண்டும். ஒதுங்குவதற்கு வழியிலுள்ள வீடுகளில் கேட்பதை அவள் பார்த்துக்கொள்வாள். குடிக்காமல் போனால் மணப்பாட்டுக்குப் பாதி வழியில் விழுவேன், பதினோராவது மாடிக்குப் போவேன், அப்புறம் அவளுக்கு இந்த ஊரில் சண்டை போட ஆளில்லை என்றாள்.

இரண்டாவதற்குச் சம்மதித்தேன். அவள் கொடுத்த சர்பத்தைக் குடித்தேன். இனிப்பு அதிகம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பூவரசு விஷயத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது பத்துக் கட்டளைகளில் எதையும் மீறவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

குடித்தேன். மருத்துவர் சொன்னபடி, உப்பும் சர்க்கரையும் போட்டு, வாய் வாயாக. உட்கார்ந்து, தம்ளரில்.

முக்காணி வரும்போது கைப்பிடியை நெரித்துக்கொண்டிருந்தேன். கிளாடிஸ் ஓட்டு வீடு ஒன்றைக் காட்டி, தான் வேலியருகே நிற்பதாகவும் இந்த ஒரு தடவை நானே கேட்க வேண்டும் என்றும் சொன்னாள். அவள் எப்போதும் உடன் வர முடியுமா என்ன என்றாள். நியாயம்தான். வாசல் வரை மனத்துக்குள் ஒரு வாக்கியம் தயார் செய்துகொண்டு போனேன். ஒரு பெண் வெளியே வந்து என்னவென்று கேட்டாள். நான் வாயைத் திறந்தேன்.

"கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?"

அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. ஒரு செம்பு நிறையக் கொண்டுவந்தாள். வாங்கிவிட்டு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? குடித்தேன். வெயிலில் வந்திருக்கிறீர்கள் என்று இன்னொரு செம்பு கொண்டுவந்தாள். அதையும் குடித்தேன். நன்றி கூறி, முழங்கால்களை ஒட்டி வைத்து நடந்து வேலிக்குத் திரும்பினேன்.

கிளாடிஸ் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு குனிந்து குலுங்கிக்கொண்டிருந்தாள். "போன காரியம் என்ன, செஞ்சிட்டு வந்த காரியம் என்ன, மைனி" என்றாள். பிறகு அவளே உள்ளே போய்க் கேட்டாள்.

அடுத்த சில நிமிடங்களைப் பற்றி எழுதுவதற்கில்லை. வாளி சுத்தமாக இருந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆறுமுகநேரி வரை. கிளாடிஸ் இரண்டு வீடுகளில் கேட்டாள். தலைவலி இல்லை, கால் முறுக்கவில்லை. புதுக் கண்ணாடி பழகிவிட்டது போலும்.

பூவரசுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மழை. பயிற்சி இல்லை. கோயில் பீடத்துணிகளுக்குக் கஞ்சி போட்டுக் காயவைக்க முடியாமல் கூடத்தில் கொடி கட்டினேன்.

துணி காயும்வரை உட்கார்ந்து சில வாக்கியங்களை யோசித்தேன். ஆங்கிலத்தில் இதற்கு ஒரு வாக்கியம் உண்டு. மதர் பெனடிக்டா கற்றுக்கொடுத்தார். அதைச் சொன்னாலும் அவர் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகு நம்மைப் பார்ப்பார், அதற்குள் நமக்கே வேண்டாம் என்றாகிவிடும். முக்காணியில் அது செல்லாது. தமிழில் எனக்குத் தெரிந்த சொற்களில் ஒன்று மருத்துவமனைச் சொல், ஒன்று அரசாங்கப் பலகைச் சொல். ஊரெல்லாம் சொல்லும் சொல்லை நான் பிறந்ததிலிருந்து உச்சரித்ததில்லை.

செப்டம்பர் 6, சனி

நாளை. டயரில் காற்றுப் பார்த்தாயிற்று. இரண்டு புட்டி, தம்ளர், எலுமிச்சை, உப்பு. செல்போனைப் பையில் போட்டு வேனில் வைத்துவிடுவேன்; சைக்கிளில் கட்டிக்கொண்டு போவது பார்க்க நன்றாக இருக்காது.

ரெக்ஸும் ஜெனிட்டாவும் இன்றிரவு காரில் கிளம்பி நேராக மணப்பாடு வந்துவிடுகிறார்கள். நான் எப்படி வந்து சேர்கிறேன் என்று கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆறுமுகநேரி வரை ஒரு குறையும் இல்லை. கிளாடிஸ் இரண்டு வீடுகளில் கேட்டாள். நான் சரியாகக் குடித்து, சரியாக வந்துகொண்டிருந்தேன். ஆறுமுகநேரியைத் தாண்டியதும் கிளாடிஸின் சைக்கிள் செயின் அறுந்து இரண்டு துண்டாகக் கீழே விழுந்தது. அவளை வேனில் ஏற்ற வேண்டியதாயிற்று. நானும் நிற்கப் பார்த்தேன். "நீங்க நிக்காதீய மைனி. குடிச்சுக்கிட்டே போங்க" என்று விரட்டினாள். குழு முன்னே போய்விட்டது. நான் தனியாகக் குடித்துக்கொண்டே போனேன்.

காயல்பட்டினம் வரும்போது தாங்கவில்லை. பெரிய சாலையில் எல்லாம் கடைகள், எல்லாக் கடையிலும் ஆண்கள். ஒரு தெருவில் திரும்பினேன். அதிலிருந்து இரண்டு வீடுகளுக்கு நடுவே ஆள் ஒருவர் போகும் அகலத்தில் ஒரு சந்து பிரிந்தது. அந்த ஊரில் அதை முடுக்கு என்கிறார்கள். பெண்கள் தெருவுக்கு வராமல் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்வர அமைந்த வழி. ஆண்கள் யாருமில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். ஒரு பின்வாசலில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். ஜுலைகா என்று பிறகு தெரிந்தது. என்ன வேண்டும் லாத்தா என்றாள்; அக்காவை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள்.

தண்ணீர் என்றேன். வேறென்ன சொல்வேன்.

கூடத்தில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டாள். தூத்துக்குடியிலிருந்து சைக்கிளில் என்றதும் பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்தாள். முடுக்கு வழியாக நாலு பேர் வந்தார்கள். எலுமிச்சைச் சர்பத் வந்தது. எத்தனை வயது என்று கேட்டார்கள். சொன்னேன். இன்னும் மூன்று பேர் வந்தார்கள். டீ வந்தது. ஒருத்தியின் மைத்துனர் தூத்துக்குடியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் கடை வைத்திருக்கிறார். அவரைத் தெரியுமா என்று கேட்டு, தெரியும் என்றதும் அதற்காக இன்னொரு டீ. நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கர்த்தரின் பாடுகளைத் தியானித்துக்கொண்டிருந்தேன்.

மூலையில் கட்டிலில் ஜுலைகாவின் மாமியார் படுத்திருந்தார். தொண்ணூறு வயது இருக்கும். அதுவரை பேசவேயில்லை.

"ஏளா ஜுலைகா, பேசுனது போதும். அந்தப் புள்ள கால மாத்தி மாத்தி வைக்கிது, பாக்கலியா? கொல்லைக்குக் கூட்டிட்டுப் போ."

என்னைப் பிள்ளை என்று யாரும் அழைத்து அறுபது வருடமாகிறது. அந்த அம்மா நீடூழி வாழட்டும்.

புட்டிகளை நிரப்பிக் கொடுத்து அனுப்பினார்கள். அதன்பின் திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம், மணப்பாடு. காற்று எதிரே அடித்தது. மிதித்தேன். மணல்மேட்டின் மேல் கோயில் தெரிந்தபோது உரக்க ஜெபம் சொன்னேன். அடிவாரம் வரை ஓட்டியே போய், இறங்கி, ஸ்டாண்ட் போட்டேன். ஸ்டாண்ட் நன்றாகவே நின்றது.

அங்கே ஒரு கூட்டம் என்னைப் பார்த்தபடி நின்றது. வேன் என்னைத் தேடிப் பெரிய சாலையில் இரண்டு தடவை போய்வந்திருக்கிறது. என் செல்போன் அந்த வேனிலேயே அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. கிளாடிஸ் அழுது முகம் வீங்கியிருந்தாள்.

"இவ்ளோ நேரம் எங்க இருந்தீங்க மம்மி?" என்றான் ரெக்ஸ்.

நான் பதில் சொல்லுமுன் எங்கள் பங்குத்தந்தை உதவிக்கு வந்தார். வழியில் ஏதாவது கோயிலில் ஜெபித்துக்கொண்டிருந்திருப்பார்கள் என்றார். எவ்வளவு அழகான பதில். கிளாடிஸ் அதையே பிடித்துக்கொள் என்பதுபோல் கண்ணைக் காட்டினாள். எந்தக் கோயில் என்று ரெக்ஸ் கேட்டான். பல் மருத்துவர், நல்லெண்ணத்தோடுதான், உப்புக் குறைந்தால் இந்த வயதில் சற்றுத் தடுமாற்றம் வரும், தெரிந்த பாதையே மறந்துபோகும் என்றார்.

ரெக்ஸ் என் கையைப் பிடித்தான். "வழி மறந்துட்டீங்களா, மம்மி?"

மெதுவாகக் கேட்டான். சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டுச் சமாளித்திருப்பேன். அந்த மெல்லிய குரலில்தான் ஆட்களைப் பதினோராவது மாடிக்குக் கூட்டிப்போவார்கள். பங்குத்தந்தை, பல் மருத்துவர், குழுவினர், திருவிழாவுக்கு வந்து வேடிக்கை பார்த்து நின்ற முன்பின் தெரியாதவர்கள், எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"வழி மறக்கல. ஒண்ணுக்குப் போனேன்."

ஆரம்பித்ததை ஒழுங்காக முடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"காயல்பட்டினத்துல ஒரு வீட்டுல. கேக்கக் கூச்சப்பட்டுத் தண்ணி கேட்டேன். அவங்க தண்ணி, சர்பத், டீ எல்லாம் குடுத்தாங்க. அதனால நேரமாயிட்டு. தலை நல்லாத்தான் இருக்கு. வேற ஏதாவது தெரியணுமா?"

பங்குத்தந்தை திடீரென்று கடலைப் பார்க்கத் தொடங்கினார். கிளாடிஸ் மணலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கியதைப் பார்த்தால் அழுகை இல்லை. பல் மருத்துவர்தான் முதலில் பேசினார். "அப்ப ஆன்ட்டி கரெக்டாதான் குடிச்சிருக்காங்க" என்றார். அவர் என்னைப் பற்றிச் சொன்னதில் இதுதான் உருப்படியானது.

ரெக்ஸ் மட்டும் இறங்கிவரவில்லை. காணாமல் போனது போனதுதான், வீட்டுக்குப் போய்ப் பேசுவோம் என்றான். அவன் அப்பாவைப் போல் சிரித்திருக்கலாம். என்னைப் போல் பிறந்துவிட்டான்.

செப்டம்பர் 8, திங்கள்

நேற்றுக் கை ஓய்ந்துவிட்டது. மீதியை இன்று எழுதுகிறேன்.

பூசையும் மதியச் சாப்பாடும் முடிந்து திரும்பினோம். சைக்கிள் வேனில், நான் ரெக்ஸின் காரில், பின் இருக்கையில் ஜெனிட்டாவோடு. கார் கிளம்பியதும் ரெக்ஸ் தன் பயணத்தைப் பற்றிச் சொன்னான். பெங்களூரிலிருந்து மணப்பாடு வரை டீசலுக்காக ஒரு தடவை நிறுத்தியதோடு சரி, ஒரே மூச்சு. பிறகு வயதான காலத்தில் தண்ணீர் குடிப்பதன் முக்கியத்துவத்தைப் பற்றிச் சொன்னான். பிறகு பதினோராவது மாடியின் காற்றோட்டத்தைப் பற்றி.

ஜெனிட்டாவின் மடியில் தண்ணீர் பாட்டில் இருந்தது. மூடியின் சீல் உடைபடவில்லை. ஒரு முழங்காலை மற்றதன் மேல் இறுக்கிப் போட்டு, நிமிர்ந்து, சன்னலுக்கு வெளியே எதையும் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கார் ஒவ்வொரு வேகத்தடையில் ஏறும்போதும் கண்ணை மூடினாள்.

அந்த உட்காரும் விதம் எனக்குத் தெரியும். முப்பத்தைந்து வருடம் நான் அப்படி உட்கார்ந்துதான் டைப் அடித்தேன்.

"ரெக்ஸ், நிறுத்து."

"மறுபடியுமா மம்மி? உங்களுக்கா?"

"ஆமா. எனக்குத்தான்."

ஜெனிட்டா சட்டென்று என் பக்கம் திரும்பினாள். துணைக்கு வா என்று அவள் கையைப் பிடித்து இறக்கினேன். சாலையோர வீட்டு வாசலில் ஒரு பெண் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நேரே அவளிடம் போனேன்.

"ஒண்ணுக்குப் போகணும்மா. ரெண்டு பேரு."

"அதுக்கென்ன, வாங்க" என்றாள் அவள், கத்தியைக் கீழே வைக்காமலே.

அதுக்கென்ன. அவ்வளவுதான் பதில். இதற்காகத்தான் நான் இத்தனை வருடம் பயந்தேன்.

ஜெனிட்டாவை முதலில் அனுப்பினேன். திரும்பி வந்தபோது அவள் முகம் தூங்கி எழுந்த குழந்தையின் முகம்போல் இருந்தது. மணப்பாட்டில் நீண்ட வரிசை, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, அதனால் திரும்பி வந்துவிட்டேன் என்றாள். அதற்கு முன் என்று கேட்டேன். மதுரையிலேயே வந்துவிட்டது, அவர் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தார், எப்படிச் சொல்வது என்றாள். எங்கே போனாலும் முந்தின நாள் மாலையோடு தண்ணீரை நிறுத்திவிடுவாளாம். ஊருக்கு அடிக்கடி வராததற்கு அதுவும் ஒரு காரணமாம். அவளுக்குப் பிடிக்காதது என்னைத்தான் என்று நான் நான்கு வருடமாக நினைத்திருந்தேன்.

காரில் ஏறியதும் அவள் பாட்டிலின் சீலை உடைத்தாள். ஒரே மூச்சில் அல்ல, வாய் வாயாகக் குடித்தாள். ரெக்ஸ் மீண்டும் காற்றோட்டத்தை ஆரம்பித்தான்.

"மம்மி எங்கயும் வரல, ரெக்ஸ்" என்றாள் ஜெனிட்டா. "மணப்பாட்டுக்கு அவங்களே ஓட்டிட்டு வந்தாங்க. பேசினது பேசினதுதான். மாசம் ஒரு தடவை நாம இங்க வரலாம்."

"அவ்ளோ தூரமா? நீதான் டிராவல் புடிக்காதுன்னு சொல்லுவ."

"நீங்க நிறுத்தினா புடிக்கும்."

ரெக்ஸ் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் சுடிதாரின் காலரைச் சரிசெய்துகொண்டேன். ஆத்தூர்ப் பாலம் தாண்டி நாலு வீடுகள் சேர்ந்தாற்போல் தெரிந்த இடத்தில் அவனாகவே வேகத்தைக் குறைத்து, ஓரமாக ஒதுங்கி, முன்னால் சாலையைப் பார்த்தபடியே கேட்டான்.

"யாருக்காவது போகணுமா?"